அவர் உட்காராத வண்டி

எங்கள் மோட்டார் டிரைவிங் ஸ்கூலில் மொத்தம் மூன்று வண்டிகள். ஒன்று, ஊரில் பாதிப் பேருக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்துக் களைத்துப்போன பழைய கார். மற்ற இரண்டும் பந்தய வண்டிகள். அவற்றுக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, மட்கார்டு கிடையாது. நான்கு சக்கரங்களும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே ஓர் ஆள் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி தகரத்தில் செய்த ஓர் இருக்கை, அவ்வளவுதான். அந்த வண்டிகளைப் பழைய காரின் பின்னால் கட்டிப் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதி வழியாக இழுத்துப் போனால் கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். "மேல்மூடி எப்பப் போடுவீங்க?" என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

இரண்டையும் என் கணவர் தன் கையாலேயே செய்தார். உடைந்துபோன கார்களை எங்கெங்கோ தேடி வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை போட்டு, இரண்டு வருஷம் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தூங்கப் போகும்போதும் அந்தச் சத்தம், எழுந்திருக்கும்போதும் அந்தச் சத்தம். ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்குக் கறுப்பு வர்ணம் அடித்தார். ஆனால் இரண்டிலும் ஒரு தடவைகூட அவர் உட்கார்ந்ததில்லை. காரணம் நான்தான்.

எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், மெட்ராஸ் பக்கத்தில் ஒரு பந்தயத்துக்கு வேறொருவருடைய வண்டியை ஓட்டப் போனார். தந்திதான் வந்தது. நான் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து, அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே எழும்பூரில் இறங்கினேன். ஆஸ்பத்திரியில் தோள்பட்டை எலும்பும் விலாவும் முறிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "வண்டி கவுர்ற வரைக்கும் நான்தான் முன்னாடி போயிக்கிட்டிருந்தேன்." ஓங்கி ஓர் அடி வைக்கலாம் என்றுதான் வந்தது. அடிபடாத இடமாகப் பார்த்து வைக்கவும் வழியில்லை.

எலும்பு கூடி எழுந்து நடந்ததும் எங்கள் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தட்டில் சூடம் ஏற்றச் சொன்னேன். "இனிமே பந்தய வண்டியில உக்கார மாட்டேன்" என்று எரிகிற சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினார். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்பவன்கூடச் சூடத்தில் அடித்துவிட்டால் பேச்சு மாறமாட்டான். இவரோ சாதாரணமாகவே வாக்கு மாறாத ஆள். அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

வேறு யாராவதாக இருந்தால் இரண்டு மாசத்தில் சந்து பொந்து தேடியிருப்பார்கள். இவர் தேடவில்லை. உட்கார மாட்டேன் என்றால் உட்காரவே மாட்டார். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே நகர்த்த வேண்டுமென்றால், பக்கத்திலேயே நடந்துகொண்டு உள்ளே கையை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவார். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் குனிந்து நின்று, குடையைத் தலைகீழாகப் பிடித்து அதன் நுனியால் ஆக்சிலரேட்டரை அழுத்துவார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். இவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே என்று தோன்றும்.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில், யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. விரிசலில் புல் முளைத்திருந்ததே தவிர, தளம் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளை அங்கே இழுத்துப்போவோம். இரண்டு கோடியிலும் சுண்ணாம்பு அடித்த தார் டிரம்களை வைத்துவிட்டால் அதுதான் பந்தயத் தடம். மேய்கிற ஆடுகளை விரட்டிவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

ஓட்டிப் பழக வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரிசி மில் முதலாளி. என் கணவரை மாப்பிள்ளை என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார். இன்னொருவர் காலேஜில் பௌதிகம் நடத்துகிற வாத்தியார். இருவருமே எங்கள் பழைய காரில் ஓட்டக் கற்றவர்கள். அதில்தான் வம்பு. என் கணவரிடம் கற்றவர்கள் யாரும் கை காட்டாமல் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். அப்படி உருப்போட வைத்திருந்தார். மில் முதலாளி பச்சை வண்டியைச் சீறிக்கொண்டு ஓட்டி வருவார், டிரம் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்து, வலது கையை முழுக்க வெளியே நீட்டித் திரும்புகிறேன் என்று சைகை காட்டுவார். பின்னால் ஒரு குருவிகூட இருக்காது. வண்டியில் ஹாரனும் இல்லையா, அதனால் வளைவு முழுக்க வாயாலேயே "பாம் பாம்" என்று கத்திக்கொண்டு போவார்.

"அண்ணே, கைய உள்ள வைங்க! ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல!" என்று என் கணவர் தொண்டை கிழியக் கத்துவார்.

"பழகிருச்சு மாப்ள. கை தானா போவுது" என்பார் அவர்.

பௌதிக வாத்தியார் வேறு மாதிரி. வளைவில் வண்டி ஏன் வழுக்கும் என்பதை அவரால் கரும்பலகை முழுக்க எழுத முடியும். எழுதியெழுதியே பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. கறுப்பு வண்டியை அவர் ஓட்டினால் மேய்ச்சலுக்குப் போன ஆடுகள் திரும்பி வந்து வேடிக்கை பார்க்கும். இதில் இருவர் வண்டிக்கும் பின்னால் சிவப்பு எழுத்தில் எல் போர்டு வேறு. ஸ்கூல் வண்டி என்றால் போர்டு இருக்க வேண்டும் என்பது என் கணவரின் சட்டம்.

நான் புளிச்சோற்றுத் தூக்கோடு கருவேல மரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடமும் லைசென்ஸ் இருந்தது, பழைய காரில் அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு ஞாயிறு சிரித்தேன். மூன்றாவது ஞாயிறு எனக்குக் கை பரபரவென்று வந்தது. இவர்கள் இருவரும் கிடைத்த பொன்னை எடுத்து எடைக்கல்லாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது.

"ஏங்க, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டா?" என்றேன்.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"இது வெளையாட்டு இல்ல."

"அது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு மாசக்கணக்கா சோறு ஊட்டுனவ நான்தான்."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

"சூடத்துல அடிச்சது நீங்க. நான் அடிக்கலையே."

அவர் குனிந்து டயரில் காற்றுப் பார்க்க ஆரம்பித்தார். மில் முதலாளிதான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி கேக்குறது நாயந்தானே மாப்ள" என்றார்.

அடுத்த ஞாயிறு புடவைக்குள் என் கணவரின் காக்கி பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மட்கார்டு இல்லாத சக்கரத்துக்குப் பக்கத்தில் முந்தானையோடு உட்கார முடியுமா? ஓடுதளத்தில் பழைய காருக்குள் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, பேன்ட்டும் அவருடைய முழுக்கைச் சட்டையுமாக இறங்கினேன். வாத்தியார் சட்டென்று திரும்பி நின்று வானத்தைப் பார்த்தார். தாலியைச் சட்டைக்குள் போட்டேன். கண்ணாடி வளையல்களைக் கழற்றித் தூக்குச்சட்டி மேல் வைத்தேன். கொண்டைக்கு மேல் தலைக்கவசம் ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிச் சட்டைக்குள் விட்டேன்.

கறுப்பு வண்டியில் இறங்கி உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, தரை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று. கையை நீட்டினால் செம்மண்ணைத் தொடலாம். முன்சக்கரம் இரண்டும் கண்ணுக்கு நேரே நின்றன. நான் ஸ்டீயரிங்கை அசைத்தால் அவையும் அசைந்தன. பழைய காரில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? இங்கே எதையும் ஊகிக்க வேண்டியதில்லை, எல்லாம் கண்ணெதிரே நடந்தது. அவர் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "வளைவுக்கு முன்னாடியே பிரேக். வளைவுக்குள்ள பிரேக் மேல காலே போகக் கூடாது. கை..." என்றார்.

"கையைக் காட்ட மாட்டேன்" என்றேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனேன். மெட்டி கிளட்ச்சில் உரசியதுகூடக் கேட்டது. இரண்டாவது சுற்றில் மூன்றாம் கியரைப் போட்டு மிதித்தேன். அம்மாடி! முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது மாதிரி இருந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. தூசிக்காகப் போட்டிருந்த கண்ணாடிக்கு உள்ளேயே கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஓடுதளத்தின் ஒவ்வொரு விரிசலும் முதுகெலும்பில் தட்டியது. எதிரே ஒரு புள்ளியாக இருந்த டிரம் விறுவிறுவென்று ஆளுயரமாகி வந்தது. பிரேக்கை மிதித்து, கியரை இறக்கி, வளைத்தேன். பின்சக்கரம் கொஞ்சம் நழுவியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தப் பிடித்த நொடியில் என் வயிற்றுக்குள் உண்டான சந்தோஷத்தை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய்விட்டுக் கத்தினேன். இதற்காகவா இந்த மனுஷன் உயிரை விடப் பார்த்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இதற்காகத்தானா என்று நினைத்தேன்.

அடுத்தடுத்த சுற்றுகளில் பச்சை வண்டியில் போன மில் முதலாளியைப் பிடித்துவிட்டேன். அவர் டிரம் அருகே வழக்கம்போலக் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு வெளிப்புறமாக ஒதுங்கித் தாண்டிப்போனேன். "பாம் பாம்" என்ற சத்தம் பின்னால் கேட்டுத் தேய்ந்துபோனது.

அங்கே ஓடுதளத்தை ஒட்டி இருந்த கிராமத்துக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் தை மாசத்தில் கொள்ளுச் செடியை அறுத்துவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மிதித்தால் காய் வெடித்துக் கொள்ளு தனியாக வந்துவிடும், மாடு கட்டி மிதிக்கிற வேலை மிச்சம். வெறும் பொட்டலில் இரண்டு வண்டிகள் ஆளையும் ஏற்றாமல் சாமானையும் ஏற்றாமல் சுற்றிச்சுற்றி வருவதை அவர்கள் வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எதற்கு என்று யோசித்து, ஒரு பயனும் தோன்றாமல், அவர்களே ஒரு பயனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் மறு கோடிக்குப் போய்ச்சேர்வதற்குள் ஓர் அம்மாள் வளைவு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தாள்.

நான் பார்த்தபோது பிரேக் பிடிக்க நேரமில்லை. சக்கரம் செடி மேல் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் வெறும் வளையமாகிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில் போனது. கருவேல மரம், டிரம், வானம், மறுபடி கருவேல மரம் என்று எல்லாம் என்னைச் சுற்றி ஓடின. கொள்ளு மழையாகப் பறந்து முகத்தில் அறைந்தது. பிறகு வண்டி நின்றது, வந்த திசையையே பார்த்தபடி. இன்ஜின் அணைந்துபோயிருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் விளக்குமாறோடு வந்து என் முன்னால் நின்றாள். "ஏத்தா, பதவிசா மேல ஏறிப் போவேன்னு பாத்தா இப்புடி நாலா பக்கமும் செதறடிச்சுப்புட்டியே! ஒனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியாதா?" என்றாள்.

என் கணவர் பொட்டலின் குறுக்கே ஓடி வந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. வந்து நின்று, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"பயந்துட்டீங்களா?"

"ம்."

"நான் ஒரு ராத்திரி பூரா அப்படித்தான் ரயில்ல வந்தேன்" என்றேன். சொல்லிக்காட்ட வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தது, அப்போது வெளியே வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். பிறகு குனிந்து முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பின்சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், இறங்கு, போதும், இனிமேல் இந்தப் பக்கமே வராதே என்பார் என்று. அவரோ, "எதுவும் ஒடையல. இன்னொரு சுத்து போறியா? இப்பப் போகாட்டி பயம் உள்ள உக்காந்துக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நான் இவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். அப்போது அவர் மீது எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே கிடையாது.

வாத்தியாரும் மில் முதலாளியும் வந்து, அந்த அம்மாளிடம் திட்டு வாங்கிக்கொண்டே கொள்ளை ஓரமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். நான் மறுபடி ஓட்டினேன். முன்னைவிட வேகமாகவே ஓட்டினேன். நிறுத்தியதும், "ஒங்கள மாதிரி ஆளு ஓட்டுனா இன்னும் எவ்வளவு வெரசாப் போகும் இந்த வண்டி?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "தெரியலையே. நான்தான் இதுல உக்காந்ததே இல்லையே" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. பாவம் என்று தோன்றியது உண்மை. அதைவிட, எனக்கு ஒரு நல்ல ஆளோடு போட்டி போட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டுகிறவரையும் கணக்குப் போடுகிறவரையும் எத்தனை தடவை தாண்டுவது?

"ஏறுங்க பச்சை வண்டியில" என்றேன். "சத்தியம் வாங்குனது நான். நானே விட்டுட்டேன்."

"இங்க நின்னு சொன்னா ஆச்சா? கோயில்ல வாங்குனதக் கோயில்லதான் விடணும்" என்றார். ஓட்ட வேண்டும் என்று துடிக்கிற ஆள் பேசுகிற பேச்சா இது! எனக்கு வந்த கோபத்தில் புடவையை அந்தக் காக்கி பேன்ட் மேலேயே சுற்றிக்கொண்டு பழைய காரை நானே கிளப்பினேன். நால்வரும் காளியம்மன் கோயிலுக்குப் போனோம்.

பூசாரி நடை சாத்தப் போன நேரம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வாங்குனவுக வாயாலயே மூணு வாட்டி சொல்லணும். சொல்லிட்டு ஒரு செதறுகாய் போட்டுருங்க. ஆனா ஒண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தாயி. அப்பறம் ஆத்தா அந்தப் பக்கம் பாக்க மாட்டா" என்றார்.

சூடம் ஏற்றினார். "நான் வாங்கின சத்தியத்தை நானே எடுத்துக்கிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்த உடம்பு கண் முன்னால் வந்தது. நான் சொல்லி முடித்துவிட்டால் இனி எதுவும் இவரைக் காக்காது என்று தோன்றியது.

"வேணாம்னா விட்ரு. இப்புடியே இருந்துட்டுப் போறேன்" என்றார் அவர் மெதுவாக.

இப்படியே இருந்துட்டுப் போகிறேன் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. மூன்றாவது தடவையும் சொன்னேன், கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். தேங்காயை ஓங்கிப் போட்டேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஓடுதளம் பளபளவென்று கிடந்தது. கொள்ளுக்கார அம்மாள் தன் குவியலுக்குப் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். என் கணவர் பச்சை வண்டியின் பின்னால் இருந்த எல் போர்டை அவிழ்த்தார். பிறகு ஒரு காலை உள்ளே வைத்தார், இன்னொரு காலை வைத்தார், கையை ஊன்றி மெதுவாக இறங்கினார். தான் செய்த இருக்கையில் தானே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் அப்படியே இருந்தார். மில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் புடவையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கறுப்பு வண்டியில் ஏறினேன்.

"அஞ்சு சுத்து" என்று மில் முதலாளியே சொல்லிவிட்டுத் துண்டை உயரே தூக்கி வீசினார். துண்டு இறங்கியதும் கிளம்பினோம்.

நான்தான் முன்னால் போனேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வண்டியைப் பழகிக்கொள்கிறார் என்று புரிந்தது. மனைவி என்று விட்டுப்பிடிக்கிறாரோ என்ற சந்தேகமும் வந்தது. அப்படி விட்டுக்கொடுத்தார் என்றால் வீட்டில் ஒரு வாரம் பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன். நான்காவது சுற்றில் சத்தம் கிட்டத்தில் வந்தது. கடைசிச் சுற்றில், நீள ஓட்டத்தில், என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் தெரிந்தது. பச்சை வண்டியின் முன்சக்கரம். மூடாத சக்கரம், நாலு விரற்கடை தூரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. உரசினால் இரண்டு பேருமே தூக்கி எறியப்படுவோம். எனக்குத் தெரிந்தது, அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் விலகவில்லை. நானும் விலகவில்லை.

டிரம் நெருங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன். அவர் மிதிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் போய்த்தான் மிதித்தார், டிரம்முக்கும் எனக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியைச் சொருகிக்கொண்டு என்னைத் தாண்டிப்போனார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டை உப்பி, தலை குனிந்து, தரையோடு தரையாக அவர் பறந்து போவதைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு நாளும் பார்த்திராத மனுஷன். எனக்காக ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காத மனுஷன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவருடைய பின்சக்கரம் வழுக்கியது, வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சீறியது.

பயமாகத்தான் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.